சுருட்டைப் பறித்த கை

1941 டிசம்பர் 30, ஒட்டாவா. கனடா நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு வந்த பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டை, புகைப்படக் கலைஞர் யூசுஃப் கார்ஷ் மன்னிப்புக் கேட்டபடியே சட்டென்று எடுத்துவிட்டார். சர்ச்சில் முறைத்தார். அந்த முறைப்புதான் உலகப் புகழ்பெற்ற படமானது. உருவப்படத்துக்கு முன்னேற்பாடு எதற்கு, சமயோசிதம் போதாதா என்பவர்கள் இதையே சான்றாகக் காட்டலாம். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. சபாநாயகர் அறையில் விளக்குகளையும் கேமராவையும் கார்ஷ் முந்தின நாளே பொருத்தி வைத்திருந்தார். கிடைத்ததோ சில நிமிடங்கள். அப்போது வெளிச்சத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், முகத்தை மறைக்கும் சுருட்டின் மேல் கவனம் போயிருக்குமா?

எல்லாம் முன்பே முடிவானால் முகம் விறைத்துப்போகும் என்ற ஆட்சேபம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் விறைப்பு வருவது பாவனையைக்கூடத் தீர்மானித்துவிடுவதால்தான். 1948-இல் புகைப்படக் கலைஞர் ஃபிலிப் ஹால்ஸ்மன் ஓவியர் டாலியைப் படமெடுத்தபோது ஓவியங்கள் கம்பியில் தொங்கின, உதவியாளர்கள் பூனைகளையும் வாளித் தண்ணீரையும் வீசினார்கள், டாலி குதித்தார். அத்தனை ஏற்பாட்டிலும் தண்ணீர் எப்படி வளையும் என்பது எவர் கையிலும் இல்லை. 28 முறை எடுக்க வேண்டியிருந்தது. ஆகவே உருவப்படம் எடுப்பவர் வாடிக்கையாளரோடு முன்பே பேச வேண்டியவை இடம், உடை, வெளிச்சம். முக்கியமாக, அவருக்கு எது பிடிக்காது, எங்கே தொடக்கூடாது என்பது. கார்ஷின் துணிச்சலை அந்தப் பேச்சு இல்லாமல் யாரிடமும் காட்டக் கூடாது.