‘யாங்’ கையில் இருக்கும்போது

ஆங்கிலத்தில் வாக்கியம் மூன்று வகை என்று இலக்கணப் புத்தகங்கள் சொல்லும்: தனி, கூட்டு, கலவை. கூட்டும் கலவையும் சேர்ந்த நான்காவது ஒன்றும் உண்டு, அது இப்போதைக்கு நிற்கட்டும். தனி வாக்கியத்தைப் போன வாரமே பார்த்துவிட்டோம்.

கூட்டு வாக்கியத்துக்கு ஈப்போவின் புந்தோங்கை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் வளர்த்த கச்சாங் பூத்தே என்னும் நொறுக்குத் தீனித் தொழில் கண்முன்னே நடக்கிற ஊர் அது. முறுக்குச் சுடுவதை எழுதச் சொன்னால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடும்: “மாவைப் பிசைந்து, அச்சில் போட்டு, எண்ணெயில் பிழிந்து, ஆறவைத்துப் பொட்டலம் கட்டினார்.” எத்தனை எச்சம் அடுக்கினாலும் கடைசியில் ஒரு முற்று போதும், தமிழுக்கு. ஆங்கிலத்தில் அப்படி அடுக்குவது இயல்பாக வராது. பெரும்பாலும் ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே சுமக்க வேண்டும்: “ஹீ மிக்ஸ்ட் தி டோ, பிரெஸ்ட் இட் இன்டு தி ஆயில் அண்ட் பேக்ட் தி முறுக்கு.” எழுவாய் ஒன்றுதான் என்பதால் இதைத் தனி வாக்கியத்தோடு சேர்ப்பவர்களும் உண்டு. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். ஆள் மாறினால் கூட்டு வாக்கியம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை: “ஹீ ஃப்ரைட் தி முறுக்கு, அண்ட் ஹிஸ் வைஃப் பேக்ட் இட்.” எச்சத்துக்கு ஈடு தேடிக் கிடைக்காத பிள்ளை வரிக்கு வரி ‘ஆஃப்டர் தட்’ போடும். அதைச் சிவப்பு மையால் அடித்தால் மட்டும் போதாது, ஏன் வந்தது என்றும் ஆசிரியர் சொல்ல வேண்டும்.

உண்மையான முட்டுக்கட்டை கலவை வாக்கியம். “புந்தோங்கில் கச்சாங் விற்கிற மாமாவுக்கு என் அப்பாவைத் தெரியும்.” தமிழில் அடைமொழி முழுவதும் முன்னால் வந்து, மாமா அதற்குப் பின்னால் வருகிறார். ஆங்கிலத்தில் மாமா முதலில் வருவார், விவரம் பின்னால்: “தி அங்கிள் ஹூ செல்ஸ் கச்சாங் இன் புந்தோங் நோஸ் மை ஃபாதர்.” இந்தத் தலைகீழ்ப் பாய்ச்சலுக்குப் பயந்தே பல பிள்ளைகள் எஸ்பிஎம் தேர்வுக் கட்டுரை முழுவதையும் தனி வாக்கியத்திலேயே ஓட்டிவிடுகிறார்கள்.

இதையே மலாயில் எழுதிப் பாருங்கள்: “பாக் சிக் யாங் மெஞ்சுவால் காச்சாங் டி புந்தோங் கெனால் பாப்பா சாயா.” பாக் சிக் இருக்கும் இடத்தில் அங்கிள், யாங் இருக்கும் இடத்தில் ஹூ, டி இருக்கும் இடத்தில் இன். கடைசியில் ‘என் அப்பா’ மட்டும் இடம் மாறுகிறது. புகுமுக வகுப்பைத் தாண்டிய எந்தப் பிள்ளைக்கும் ‘யாங்’ தண்ணீர் பட்டபாடு. அப்படியிருக்க, ஆங்கில வகுப்பில் மலாயைக் கொண்டு இதைச் சொல்லிக் கொடுக்கத் தயங்குவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு காரணம் ஊகிக்கலாம். ஈப்போவின் பழைய ஆங்கிலப் பள்ளிகள், 1895இல் தொடங்கிய ஆங்கிலோ சீனப் பள்ளியும் 1912இல் தொடங்கிய செயின்ட் மைக்கேலும், எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்திலேயே நடத்தின. அந்தக் காலத்துத் தமிழர் பலருக்குத் தெரிந்தது சந்தை மலாய். 1970இல் முதலாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஆங்கில வழிப் பள்ளிகள் மலாய்க்கு மாறின. ஏட்டு மலாயை முறையாகக் கற்ற தலைமுறைகள் அதற்குப் பிறகு வந்தவை, ஆங்கிலம் கற்பிக்கும் பழக்கமோ அதற்கு முன்பே அமைந்துவிட்டது. நாம் இன்னும் புரட்டுகிற ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகமோ இந்தியாவில் படிப்பவர்களுக்காக எழுதியது. அதற்கு மலாய் எப்படித் தெரியும்?

மலாயை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஆளுக்கும் பொருளுக்கும் அங்கே ஒரே யாங், இங்கே ஹூவும் விச்சும் தனித்தனி. மலாய் வினை ஆளுக்கேற்ப மாறாது, அதனால் ‘செல்ஸ்’ என்பதன் வால் அறுந்துபோகும். “டியா குரு” என்றாலும் “அவர் ஆசிரியர்” என்றாலும் நடுவில் எதுவும் தேவையில்லை. இரண்டு மொழியும் சேர்ந்து இழுப்பதால் “ஹீ டீச்சர்” என்று எழுதும் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

தமிழ் காப்பாற்றும் இடமும் ஒன்று உண்டு. ‘வாலாவ்புன்’ (இருந்தாலும்) என்று தொடங்கி ‘தெத்தாப்பி’யையும் (ஆனால்) சேர்ப்பது மலாய் ஆசிரியர்களே திருத்துகிற பிழை. அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் “ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் ஹீ ஓபன்ட் தி ஷாப்” என்று எழுதிவிடுகிறார்கள். அப்போது மட்டும் பிள்ளையைத் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். “மழை பெய்தாலும், ஆனால் கடையைத் திறந்தார்” என்றால் அதற்கே சிரிப்பு வந்துவிடும். ‘பட்’டைத் தானே அடித்துவிடும்.

(தொடரும்)