சென்னையில் முதல் மாரத்தானுக்குத் தயாராவது எப்படி?

சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் நடக்கிறது. 42.195 கிலோமீட்டரை முதன்முறையாக ஓடப்போகிறவருக்கு இருபது வாரப் பயிற்சியாவது வேண்டும். ஜனவரியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்ட் நடுவில் தொடங்கியாக வேண்டும். புழுக்கத்தில் ஆரம்பித்து, ஐப்பசி கார்த்திகை அடைமழையைத் தாண்டி, மார்கழியில் போட்டிக்குப் போய் நிற்க வேண்டும். பயிற்சி அட்டவணைகள் எத்தனையோ கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குளிர்ந்த ஊர்க்காரர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடுகிறவர், அதில் போட்டிருக்கும் வேகத்தை எட்ட முடியாமல் மூச்சு வாங்கி, நமக்கு இது சரிப்படாது என்று சில வாரங்களிலேயே விட்டுவிடுகிறார். குறை அவரிடம் இல்லை. ஊரின் தட்பவெப்பத்தையும் தன் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

நாற்பது வயதை நெருங்குகிற, அலுவலக வேலை பார்க்கிற, வாரத்தில் மூன்று நாள் 5 கி.மீ. ஓடிப் பழகிய ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இன்னும் ஓடவே தொடங்காதவர் இந்த ஜனவரியை விட்டு அடுத்த ஜனவரியைக் குறிவைப்பது நல்லது.

ஷூ வாங்குவதற்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்ற இனத்தவரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, குடும்பத்தில் இதய நோய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பெண்கள் ஹீமோகுளோபின், இரும்புச்சத்தின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் பார்த்துவிட வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. எவ்வளவு பயிற்சி செய்தும் முன்னேற்றமே இல்லை என்று மனம் நொந்துபோகும் பெண்களில் பலருக்கு உண்மையான குறை இரும்புச்சத்தில்தான் இருக்கும். அதை மருந்தும் உணவும் சரிசெய்துவிடும். இன்னும் கடுமையாக ஓடுவது சரிசெய்யாது.

இனி பயிற்சியின் மையத்துக்கு வருவோம். வாரத்தில் ஓடும் தூரத்தில் ஐந்தில் நான்கு பங்கை மெதுவாக ஓட வேண்டும். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் அது. புதியவர்கள் நம்ப மறுக்கும் அறிவுரை இதுதான். வேகமாக ஓடத்தானே பயிற்சி, மெதுவாக ஓடி என்ன ஆகப்போகிறது என்று தோன்றும்.

உடலுக்குள் நடப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். மெதுவான நெடிய ஓட்டத்தில் தசைகளுக்குள் நுண்ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. செல்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு உயர்கிறது. மாவுச்சத்தை மிச்சம்பிடித்துக் கொழுப்பை அதிகமாக எரிக்கத் தசை பழகுகிறது. மாரத்தானில் இந்தக் கடைசிப் பழக்கம்தான் கைகொடுக்கும். வேகமாக ஓடினாலும் இவற்றில் சில நடக்கும். ஆனால் அதற்கு அடுத்த நாள் கால் கனத்துப்போய், வாரத்தின் மொத்த தூரம் குறைந்துவிடும்.

இந்த முறையை உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியர்ட். ஆக்லாந்தில் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தன் உடம்பையே சோதனைக்களமாக்கிப் பயிற்சி முறையை உருவாக்கினார். 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லைக்கூட வாரந்தோறும் மலைச்சாலைகளில் 35 கி.மீ. ஓட வைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், லிடியர்டின் இன்னொரு மாணவரான முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். மூன்றாமவரான பாரி மகீ மாரத்தானில் வெண்கலம் பெற்றார். பின்னர் இதே லிடியர்ட், நடுவயதுக்காரர்களையும் இதயநோயிலிருந்து தேறியவர்களையும் மெல்லோட்டத்துக்கு அழைத்துவந்தார். அதை 1962-இல் நேரில் பார்த்து வியந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன், அந்தப் பழக்கத்தைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். இன்று பெசன்ட் நகர் கடற்கரையில் விடிகாலையில் ஓடுகிற வங்கி ஊழியரும் ஆசிரியையும் அந்த வழியில் வந்தவர்களே.

சரி, மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? இங்கேதான் நம் ஊரின் புழுக்கம் குறுக்கிடுகிறது. ஆகஸ்டில் சென்னையின் விடிகாலை வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரிக்கு மேலேயே நிற்கும். காற்றில் ஈரப்பதமும் மிகுதி. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உடம்பு வேறு வழியில்லாமல் சூட்டை வெளியேற்ற ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. தசைக்குப் போக வேண்டிய ரத்தம் குறைவதை ஈடுகட்ட இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. அதனால் ஜனவரியில் சுகமாக ஓடிய அதே வேகம் ஆகஸ்டில் நாக்குத் தள்ள வைக்கும்.

ஆகவே முதல் இரண்டு மாதங்களுக்குக் கைக்கடிகாரம் காட்டும் கிலோமீட்டர் வேகத்தை மறந்துவிடுங்கள். பேச்சு தடைபடுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். தேவைப்பட்டால் ஒரு நிமிடம் நடந்து மூச்சைச் சீராக்கிக்கொண்டு மறுபடி ஓடலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பத்துப் பதினான்கு நாட்கள் தொடர்ந்து வெப்பத்தில் ஓடினால் உடம்பு பழகத் தொடங்கும். ரத்தத்தில் பிளாஸ்மாவின் அளவு கூடும், வியர்வை சீக்கிரமே அரும்பும், அதில் வெளியேறும் உப்பு குறையும். இந்த மாற்றங்கள் ஜனவரிக் குளிர்ச்சியிலும் ஓரளவு உதவும். முன்னேற்றத்தை அளக்க விரும்புகிறவர், இந்த ஆகஸ்டில் ஒரு 8 கி.மீ. ஓட்டத்தின் நேரத்தையும் சராசரி இதயத் துடிப்பையும் குறித்துவைத்து, அடுத்த ஆகஸ்டில் அதே பாதையில் ஓடி ஒப்பிடட்டும். ஆகஸ்டை டிசம்பரோடு ஒப்பிட்டால் முன்னேறியது நாமா, வானிலையா என்று தெரியாது.

வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம் போதும். செவ்வாயும் சனியும் மெதுவாக 6 முதல் 10 கி.மீ. வியாழக்கிழமை கொஞ்சம் வேகம்: இருபது, இருபத்தைந்து நிமிடம் நாலைந்து சொல்லுக்கு மேல் பேச முடியாத அளவில் ஓடும் டெம்போ. ஞாயிறு லாங் ரன். அது 10 கி.மீ.யில் ஆரம்பித்து மெல்ல மெல்ல 28, 30 வரை ஏறும். மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் குறைக்க வேண்டும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும்; எலும்பும் தசைநாணும் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். ஆறாம் வாரத்தில் இன்னும் ஓடலாம் என்று உற்சாகம் பொங்குகிற நேரம்தான் முன்னங்கால் எலும்பிலும் குதிகாலிலும் வலி தொடங்கும் நேரம். ஓடாத நாட்களில் இரண்டில் வீட்டுப் படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது, உட்கார்ந்து எழுவது என்று இருபது நிமிடம் செலவிட்டால் இந்த வலிகளைப் பெருமளவு தவிர்க்கலாம்.

லாங் ரன்னில் 32 கி.மீ.யைத் தொட்டே ஆக வேண்டும் என்று சொல்வார்கள். வேகமாக ஓடுகிறவருக்கு அது பொருந்தும். கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் எடுக்கிறவருக்கு 30 கி.மீ. முடிக்கவே மூன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அதற்கு மேல் ஓடினால் கிடைக்கும் பலனைவிடத் தேற ஆகும் நாட்கள் அதிகம் என்பது என் கருத்து. அவர் 28-இல் நிறுத்திக்கொள்ளலாம்.

அக்டோபர் பிற்பகுதியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். தண்ணீர் தேங்கிய சாலையில் ஓடவே கூடாது. திறந்த சாக்கடையும் அறுந்து கிடக்கும் மின்கம்பியும் கண்ணுக்குத் தெரியாது. மாடிப்படி ஏறி இறங்கலாம், டிரெட்மில் இருந்தால் அதில் ஓடலாம், இல்லையென்றால் சும்மா இருக்கலாம். ஒரு வாரம் முழுக்க விட்டுப்போனாலும் சேர்த்துவைத்த திறன் கரைந்துவிடாது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று அடுத்த வாரம் இரட்டிப்பாக ஓடுவதுதான் ஆபத்து.

நவம்பரில் ஓர் அரை மாரத்தான் ஓடிப் பாருங்கள். எத்தனை மணி நேரத்தில் முழு மாரத்தானை முடிக்க நினைக்கலாம் என்பது அதற்குப் பிறகே தெரியும். பீட் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977-இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, தூரம் இரு மடங்கானால் நேரம் ஏறக்குறைய 2.085 மடங்காகும். அரை மாரத்தானை 2 மணி 10 நிமிடத்தில் ஓடியவருக்கு முழு மாரத்தான் 4 மணி 31 நிமிடம் என்று வரும். இந்தக் கணக்கு நிறைய ஓடிப் பழகியவர்களுக்குச் சரி. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களை வைத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களில் பாதிப்பேருக்கு இந்தச் சூத்திரம் குறைந்தது பத்து நிமிடம் கம்மியாகக் காட்டியது தெரியவந்தது. வாரத்துக்கு 50 கி.மீ. அளவில் ஓடுகிற நம்மவர் 4 மணி 45 நிமிடத்தை இலக்காக வைத்துக்கொள்ளலாம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 45 விநாடி. நண்பர் நாலு மணி நேரத்தில் முடித்தார் என்பதற்காக நாமும் அதையே எழுதிவைத்துக்கொண்டால், அந்த ஆசைக்குக் கடைசி 12 கி.மீ.யில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

அந்தக் கடைசி 12 கி.மீ. ஏன் அப்படி வதைக்கிறது? ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தோராயமாக ஒரு கலோரி செலவாகும். 65 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 2,700 கலோரிக்கு மேல் தேவை. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்துவைத்த மாவுச்சத்து சுமார் 2,000 கலோரிதான் தரும். மீதியைக் கொழுப்பிலிருந்து எடுக்கலாம், ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். தொடக்கத்திலேயே வேகமாக ஓடியவரிடம் மாவுச்சத்து 30 கி.மீ. வாக்கில் தீர்ந்துபோகும். கால் நகராது, தலை கிறுகிறுக்கும். மெதுவாக ஓடிக் கொழுப்பை எரிக்கப் பழகியவரிடம் கையிருப்பு இன்னும் நீடிக்கும்.

வழியில் சாப்பிடவும் வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து போதும். ஒரு ஜெல் பாக்கெட்டிலும் நடுத்தர வாழைப்பழம் ஒன்றிலும் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். பேரீச்சம்பழமும் நன்று. கடலை மிட்டாயில் கொழுப்பு அதிகம் என்பதால் ஓட்டத்தின் நடுவே சிலருக்கு வயிற்றில் கனக்கும். எது ஒத்துக்கொள்கிறது என்பதை ஞாயிற்றுக்கிழமைகளில் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். போட்டி நாளன்று புதிதாக எதையும் வாயில் போடக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் இரு பக்கமும் ஆபத்து உண்டு. குறைவாகக் குடித்தால் துவண்டுபோவோம் என்பது எல்லாருக்கும் தெரியும். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. லாங் ரன்னுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்ட, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ மோரோ வேண்டும்.

கடைசி இரண்டு, மூன்று வாரங்களில் தூரத்தைப் பாதியளவுக்குக் குறைத்துவிடுங்கள். டெம்போவின் வேகத்தை மட்டும் விட்டுவிடாமல் வைத்திருங்கள். ஓடாமல் இருக்கும்போது இல்லாத வலியெல்லாம் இருப்பதாகத் தோன்றும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். புது ஷூவைக் கடைசி வாரத்தில் போடாதீர்கள். தொடை உரசும் இடத்திலும் மார்புக் காம்பிலும் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள்.

போட்டி நாளில் கூட்டமும் மேளச் சத்தமும் காலை இழுத்துக்கொண்டு போகும். முதல் 5 கி.மீ.யை இலக்கு வேகத்தைவிடக் கிலோமீட்டருக்குப் பத்து விநாடி மெதுவாக ஓடுவதுதான் அன்றைக்கு இருக்கும் மிகக் கடினமான வேலை. பலர் நம்மைக் கடந்து போவார்கள், போகட்டும். அங்கே விட்டுக்கொடுத்த ஒரு நிமிடம், 35-ஆவது கிலோமீட்டரில் நடக்காமல் ஓட உதவும். மார்பு வலி, குழப்பம், வியர்வை நின்று உடம்பு கொதிப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நின்று மருத்துவ உதவியாளரை அழைக்க வேண்டும்.

முடித்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மாடிப்படி இறங்கவே சிரமமாக இருக்கும். தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதம் அது, தானாகவே ஆறிவிடும். ஒரு வாரம் நடந்தால் போதும், இரண்டாம் வாரத்தில் மெல்லோட்டம், வேகமெல்லாம் ஒரு மாதத்துக்குப் பிறகு. அடுத்த முழு மாரத்தானுக்கு ஆறு மாதமாவது இடைவெளி விட்டு, நடுவே 10 கி.மீ. போட்டிகளில் கலந்துகொள்ளலாம். 10 கி.மீ. நேரம் குறைந்தால் அதற்கேற்ப மாரத்தான் இலக்கையும் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.