பரண்மேல் ஒரு பிள்ளை

அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாநிலத்தில், நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையில் வரும் நன்றி நவிலும் பண்டிகைக்கு அடுத்த திங்கட்கிழமையன்று, பள்ளிக்கூடங்கள் பலவற்றைப் பூட்டி வைப்பது நெடுங்காலத்து வழக்கம். அன்றுதான் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகும் காலம் தொடங்கும். பள்ளியைத் திறந்து வைத்தாலும் பிள்ளைகள் வரமாட்டார்கள், வாத்தியார்களிலும் சிலர் வரமாட்டார்கள். 2019-ஆம் ஆண்டில் ஆரம்ப தினத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள்; திங்கட்கிழமை விடுமுறையை மாத்திரம் பல ஊர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் மானைச் சுடுவது குற்றம் என்று அறிந்து வளர்ந்த நமக்கு, பெற்ற தகப்பனே பத்து வயதுப் பிள்ளையை மான் வேட்டைக்கு அழைத்துச் செல்கிறான் என்பது திகைப்பாகத்தான் இருக்கும். அங்கே மானின் சரித்திரம் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில், வரைமுறையற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் வெண்வால் மான் அம்மாநிலத்தில் ஏறக்குறைய அற்றே போயிற்று. 1895-இல் வேட்டையைக் கட்டுப்படுத்த ஒரு வாரியம் ஏற்பட்டு, வெளி மாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டு, 1907 முதல் பிணைமானைச் சுடலாகாதென்று விதித்தபின், மான்கள் பெருகின. பெருகிப் பெருகி, முளைக்கும் மரக்கன்றுகளையெல்லாம் மேய்ந்து தீர்த்துக் காட்டின் எதிர்காலத்துக்கே அபாயமாயின. ஓநாயை ஒழித்த மனிதன், இப்பொழுது ஓநாயின் உத்தியோகத்தையும் தானே பார்க்கிறேன் என்கிறான். இதில் நியாயம் எவ்வளவு, சௌகரியம் எவ்வளவு என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

பிள்ளைக்கு 12 வயதாகி, பாதுகாப்பு வகுப்பிலும் தேறிவிட்டால் இளையோர் உரிமம் கிடைக்கும். அதற்கு முன்பே போக ஆசைப்படும் சிறுவர்களுக்காக 2006-இல் ஒரு திட்டம் தொடங்கிற்று. பெரியவருக்கும் பிள்ளைக்குமாகத் துப்பாக்கி ஒன்றே. நடக்கும்போது அதைப் பெரியவரே சுமக்க வேண்டும். ஓரிடத்தில் அமர்ந்த பிறகே பிள்ளையின் கையில் கொடுக்கலாம். அப்பொழுதும் பிள்ளை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர்கள் பிள்ளைகளை அறிந்தவர்கள். தகப்பன்மாரை அதைவிட நன்றாக அறிந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில், முதல் வேட்டையில் பரீட்சை எழுதுபவர் பெரும்பாலும் பெரியவர்தாம்.

அந்தப் பரீட்சை கோடையிலேயே தொடங்கிவிடுகிறது. பெரிய துப்பாக்கியைக் கொடுத்தால், முதல் வெடியிலேயே தோளில் உதை வாங்கிய பிள்ளை, அடுத்த வெடிக்கு முன்பே கண்ணை மூடிக்கொள்ளும். அந்தப் பயம் லேசில் போகாது. ஆகையால் உதை குறைந்த ரைபிளைத் தேர்ந்து, காதுக்குக் கவசம் மாட்டி, மானின் உருவம் தீட்டிய காகிதத்தில் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, இருதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தைக் காட்டி, நிதானமாகப் பழக்குகிறார்கள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே பாவிக்க வேண்டும், சுடுமுன் குறிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும் என்பவை நாள்தோறும் ஒப்பிக்கப்படும் பாடங்கள்.

வேட்டையன்று விடியுமுன்பே பரணுக்குப் போய்விடுகிறார்கள். தலையிலும் மார்பிலும் முதுகிலுமாகக் குறைந்தது 250 சதுர அங்குலம் பளிச்சிடும் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் என்பது சட்டம். மற்ற வேட்டைக்காரர்களின் கண்ணுக்கு நெருப்பாகத் தெரியும் அந்நிறம், சிவப்பைப் பிரித்தறியாத மானின் கண்ணுக்கு மங்கலாகவே படும். மானை ஏமாற்ற முடியாத இடம் மூக்கு. ஆகவே காற்று மானிருக்கும் திக்கிலிருந்து நம்மை நோக்கி வரும்படி இடம் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் செய்த பின்பும் பிள்ளை நெளியும், கால் விறைக்கும், தின்பண்டப் பொட்டலம் சரசரக்கும். அனுபவசாலிகள் அதட்டுவதில்லை, குளிர் தாங்கவில்லை என்று பிள்ளை சொன்ன மாத்திரத்தில் இறங்கி, வேட்டைக் குடிலுக்கு அழைத்துப்போய்ச் சூடாக எதையேனும் குடிக்கக் கொடுக்கிறார்கள். வீம்புக்காக அந்திவரை உட்கார வைத்த தகப்பனோடு அப்பிள்ளை மறுவருஷம் வருவது சந்தேகம்.

கலைமான் ஒன்று எதிர்ப்பட்டுவிட்டால்தான் பெரியவருடைய சோதனை உச்சத்துக்கு வருகிறது. மான் நேர்முகமாக நின்றாலோ, புதர் மறைத்தாலோ, பின்னால் வெறும் வானம் தெரிந்தாலோ, பிள்ளையின் கண்ணில் மின்னும் ஆசையைப் பார்த்துக்கொண்டே, வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். சுட்டு, மான் ஓடிவிட்டால், உடனே துரத்தாமல் அரைமணி நேரமாவது காத்திருந்து, பின்னர் இரத்தத் துளிகளைத் தொடர வேண்டும். கண்டெடுத்த மானின் காதில் சீட்டைக் கட்டியபின், வயிற்றைக் கீறிக் குடலை நீக்கி இறைச்சியைக் குளிரவிடும் வேலை இருக்கிறது. அங்கே சில பிள்ளைகள் அழுதுவிடுகிறார்கள். அதைக் கேலி செய்யும் பெரியவனைக் காட்டுக்கு அனுப்பாமலிருப்பதே நல்லது. மிஞ்சும் இறைச்சியை ஏழைகளின் உணவு நிலையங்களுக்கு வழங்குவோரும் உண்டு. 1991 முதல் அதற்கென்றே ஓர் ஏற்பாடு அம்மாநிலத்தில் நடந்து வருகிறது.

குறி தவறியவனின் சட்டை வாலைக் கத்தரித்துக் குடிலின் சுவரில் தொங்கவிடுவது அங்கே பழைய சம்பிரதாயம். சிறுவர்களுக்கு விலக்களிக்கலாமே என்று நான் நினைப்பதுண்டு. ஆனால் பெரியவர்களின் கிழிசல்களுக்கு நடுவே தன் துண்டும் தொங்குவதைத் தண்டனையாகக் கருதும் சிறுவர்கள் அதிகம் இல்லை போலும்.