பக்கவாதத்திற்குப் பின் வரும் களைப்பு

பக்கவாதத்திலிருந்து மீண்டவரைக் காணச் செல்லும்போது, நடை சீரானதா, பேச்சுத் தெளிந்ததா என்றே நாம் கேட்கிறோம். இரண்டும் சீரான பின்பும் அவரை விட்டு விலகாத ஒன்று உண்டு. அதுதான் களைப்பு. குளித்து உடை மாற்றுவதற்குள் உடல் ஓய்ந்துவிடும். நாலு பேர் கூடிப் பேசினால் மனம் தொடர மறுக்கும். இரவு முழுதும் உறங்கி எழுந்தாலும் அது தீர்வதில்லை.

இதனை நாம் சோம்பல் என எண்ணிவிடலாகாது. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இதற்கு ஆளாகின்றனர். பாதிப்பு இலேசாக இருந்தவர்க்கும் இது வரும். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கும். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவை இதனை மிகுவிக்கக்கூடும். இவற்றுக்குப் பெரும்பாலும் தீர்வு உண்டு. ஆகவே மருத்துவரிடம் களைப்பைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது. முகம் திடீரெனக் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது களைப்பன்று. உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வரவறிந்து செலவு செய்தல்

பணத்தைப் போலவே வலிமையையும் இருப்பறிந்து செலவிட வேண்டும். எந்த வேளையில் தெம்பு இருக்கிறது, எந்த வேலை அயர்த்துகிறது என்பதை இரண்டு வாரம் குறித்து வைத்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். கடினமான வேலையைத் தெம்புள்ள வேளைக்கு ஒதுக்கலாம். களைத்த பின் படுப்பதைவிட, களைக்கும் முன்பே சற்று ஓய்வது நலம். தெம்பாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் முடிக்க முனைந்தால், மறுநாள் எழ இயலாது. இயன்முறை மருத்துவர் சொன்ன பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை.

வங்கி வேலை

வரிசையில் நிற்பதும் படிவம் நிரப்புவதும் இவர்களுக்குப் பெருஞ்சுமை. 70 வயதைக் கடந்தோருக்கும், நாட்பட்ட நோய் அல்லது இயலாமைக்கு மருத்துவச் சான்று உடையோருக்கும் வீட்டிலேயே சேவை அளிக்க முயலுமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. பணம் பெறுதல், காசோலை ஒப்படைத்தல், ஓய்வூதியர் வாழ்நாள் சான்று அளித்தல் ஆகியன அதில் அடங்கும். கையொப்பமிட இயலாதவர், வங்கி அறிந்த இரு சாட்சிகள் முன் பெருவிரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம். சாட்சிகளுள் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும்.

இச்சேவையின் விவரத்தையும் கட்டணத்தையும் குடும்பத்தார் கிளையில் முன்னதாகவே கேட்டறிவது நன்று. வரிசையில் வீணாகும் வலிமை, அவர் வீட்டாரோடு அமர்ந்து பேச உதவட்டும்.