கப்பல் ஏறும்போதுதான் தெரிந்தது, அதுதான் ஊரென்று!

காசிமேட்டிலிருந்து ராயபுரம் வழியாகத் தெற்கே வந்தால், துறைமுக மதிலுக்கு எதிரே வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள் தென்படும். சார்ஜரும் வாசனைத் திரவியமும் வாங்கப் பலமுறை போயிருப்பீர்கள். பர்மா பஜார். 1969-ல் உருவான அந்தக் கடைகள் யாருக்காக வந்தவை என்று யோசித்திருக்கிறீர்களா? அந்த மதிலுக்குள் இருக்கும் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்களுக்காக.

ஒரு காலத்தில் ரங்கூன் பாதி இந்திய நகரம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கில் அந்நகரத்தின் 4 லட்சம் பேரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். நம் கூலி ஜனங்கள் வயலிலும் துறைமுகத்திலும் உழைத்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூண்களெல்லாம் அங்கிருந்து வந்தவைதான். அப்போது போனவர்கள் மனதில் 'சம்பாதித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடலாம்' என்ற கணக்கு இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு போட்டதும் லட்சக்கணக்கானோர் காடு மலை தாண்டி நடந்தே இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம்.

ஆச்சரியம் என்னவென்றால், போர் முடிந்ததும் பலர் மறுபடியும் அங்கே போனார்கள். திரும்பிவரும் கணக்கு மெல்ல மெல்ல மறந்துபோனது. பிள்ளைகள் பர்மியப் பள்ளியில் படித்தார்கள். கன்னத்தில் தனக்கா பூசிக்கொண்டார்கள். கோயிலில் தமிழ், கடைத்தெருவில் பர்மியம் என்று வாழ்க்கை பழகிவிட்டது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தமிழ்நாடு என்பது பாட்டி சொன்ன கதை, அவ்வளவுதான்.

1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டு வங்கிகள் அரசுடைமையாயின. 1964 மார்ச்சில் கடைகள். மே மாதம் 50, 100 ச்யாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பெட்டியில் சேர்த்து வைத்திருந்த பணம் ஒரே நாளில் காகிதமாயிற்று. கிளம்புகிறவர்கள் நகையையும் பணத்தையும் இஷ்டத்துக்கு எடுத்துப்போகவும் முடியாது. அந்தச் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள்.

சர்க்கார் காகிதத்தில் அவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. பார்த்தேயிராத ஊருக்கு எப்படித் 'திரும்ப' முடியும்? இங்கே வந்தபின் அவர்களை நம் ஜனங்கள் 'பர்மாக்காரங்க' என்றே கூப்பிட்டார்கள். அங்கே இந்தியர், இங்கே பர்மாக்காரர். வியாசர்பாடி, எண்ணூர் என்று வடசென்னையில் அவர்கள் குடியேறினார்கள்.

நகையைத் தடுத்தவர்களால் நாக்கைத் தடுக்க முடியவில்லை. சாயங்காலம் பாரிமுனைப் பக்கம் செகண்ட் லைன் பீச்சுக்குப் போய்ப் பாருங்கள். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். அதுதான் அத்தோ. பர்மிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கலந்து பிசைந்தது என்றே பொருள். கூடவே வாழைத்தண்டு சூப். பர்மாவின் மொஹிங்காவில் மீன் கட்டாயம். இங்கே பல கடைகளில் மீன் கிடையாது. காசிமேட்டை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு!

எல்லோரும் சென்னையோடு நின்றுவிடவில்லை. மனசு கேட்காமல் சிலர் தரைவழியாக பர்மாவுக்கே திரும்பக் கிளம்பினார்கள். மணிப்பூர் வரை போனார்கள். எல்லையில் தடுத்துவிட்டார்கள். இங்கே வரவும் மனமில்லாமல், அங்கே போகவும் வழியில்லாமல், எல்லையோரத்து மோரே என்ற சிற்றூரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், இட்லிக் கடை போட்டார்கள். பிற்பாடு பல ஆண்டுகள், பகலில் எல்லை தாண்டி பர்மாவின் தமு சந்தைக்குப் போய்வர அனுமதி இருந்தது. பொழுது சாயுமுன் கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும்.