பெயிண்ட் கதவுக்கு மட்டும் போதும், ரப்பருக்கு வேண்டாம்



இத்தலாரில் கடை நடத்தும் நமக்கு வேன்தான் நடமாடும் குடோன். மேட்டுப்பாளையத்தில் ஏற்றும் சர்க்கரையும் பருப்பும் நனையாமல் மலையேற வேண்டும். நமக்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை பதிவானது. இப்படிப்பட்ட மழையில் சரக்கைக் காப்பது கதவைச் சுற்றியுள்ள ரப்பர்தான்.

ஒருமுறை என் வேனின் பின்கதவுக்குப் பட்டறையில் பெயிண்ட் அடித்தேன். கதவு பளபளத்தது. ஆனால் ரப்பர் மீதும் பெயிண்ட் தூவல் படிந்திருந்தது. பட்டறைப் பையன் துணியைத் தின்னரில் நனைத்து அழுத்தித் துடைத்தான். பெயிண்ட் போயிற்று, நாளடைவில் ரப்பரும் விறைத்து வெடித்தது. அடுத்த மழையில் இரண்டு மூட்டை சர்க்கரை கட்டியாகிவிட்டது.

காரணம் எளிது. தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் போன்றவை ரப்பருக்குள் ஊறி அதை உப்ப வைக்கும். ரப்பருக்கு மென்மை தரும் எண்ணெயையும் வெளியே இழுத்துவிடும். காய்ந்த பிறகு ரப்பர் விறைத்துப் போகும்.

அப்படியானால் தூவலை எப்படி எடுப்பது? முதலில் சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதுமா என்று பாருங்கள். புதிதாகப் படிந்தது எளிதில் வரும். போகாவிட்டால் கார் உதிரிக் கடையில் கிடைக்கும் 'கிளே பார்' என்ற பிசைகட்டியைச் சோப்புத் தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேய்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் சிறிது தொட்டுத் துடைத்து, உடனே தண்ணீரால் கழுவிவிடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் ஓரப்பட்டைக்கும் இதே முறைதான். எதையும் முதலில் மறைவான ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். புதுப் பெயிண்ட் மீது ஆல்கஹால் படக்கூடாது. பிளேடு கண்ணாடிக்கு மட்டுமே. ரப்பரைத் தொடவே கூடாது.

இதையெல்லாம்விட முன்னெச்சரிக்கையே லாபம். கழற்றக்கூடிய ரப்பரைப் பெயிண்ட் அடிக்கும் முன்பே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். முடியாத இடத்தில் மாஸ்கிங் டேப்பும் காகிதமும் ஒட்டச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது பளபளப்பை மட்டும் பார்க்காமல், கதவைத் திறந்து ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். கூலி கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

கதவின் அழகு பார்ப்பவர் கண்ணுக்கு. ரப்பரின் நலம் நம் முதலுக்கு.