வேலிக்குள் ஒரு காடு – 9: மைனாவின் கண்ணோரத்தில் ஒரு கொசு

அணிலும் தவிட்டுக்குருவிகளும் ஒரே மரத்தடியில் இரை பொறுக்குவதைப் போன வாரம் பார்த்தோம். காக்கைக் கூட்டில் வளரும் குயில் குஞ்சை இந்த வாரம் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகிறது; அதைவிட அவசரமான ஒரு படம் ஹைதராபாத்தின் பேகம்பேட்டில் ஒரு தோட்டத்தில் கிடைத்துவிட்டது.

அந்தி வெளிச்சத்தில், அடைவதற்கு வந்து அமர்ந்த மைனா. படத்தைக் கணினியில் பெரிதாக்கினால், கண்ணுக்குப் பின்னாலுள்ள மஞ்சள் தோலில் ஒரு கொசு, வயிறு சிவந்து உப்பிய நிலையில். பறவையின் உடம்பில் கொசுவுக்கு எளிதாக எட்டும் இடங்கள் கொஞ்சம்தான்: இறகு மூடாத கண்ணோரம், அலகின் அடி, கால். அணிலும் குருவியும், பாம்பும் கீரியும் என்று இரண்டு உயிர்களை ஒரே சட்டகத்தில் தேடிக்கொண்டே இருக்கிறேன். இவ்வளவு நெருக்கமான ஜோடி இதுவரை அகப்பட்டதில்லை.

அதுவும் பேகம்பேட்டில்! பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரொனால்ட் ராஸ் பெயரைத் தாங்கி ஓர் ஆய்வுக்கூடம் நிற்கிறது. ராணுவ மருத்துவராக இருந்த ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டது இங்கேதான். ஹுசைன் கான் என்ற நோயாளி, கடிக்கு ஓர் அணா கூலி வாங்கிக்கொண்டு கொசுக்களுக்கு உடம்பைக் கொடுத்தார். அவர் ரத்தத்தைக் குடித்த, இறக்கையில் புள்ளியுள்ள கொசுக்களை ராஸ் ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். பங்கா இழுத்தால் கொசுக்கள் பறந்துவிடும் என்பதால் புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டார். வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. கண்வில்லையில் விரிசல் வேறு. கடைசியில் ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில், கரும்பொடி தூவிய வட்டச் செல்களைக் கண்டார்.

மீதிக் கதையைப் பறவைகள்தான் முடித்துவைத்தன. மாற்றலாகிக் கல்கத்தா போன ராஸ், 1898இல் சிட்டுக்குருவிகளையும் வானம்பாடிகளையும் காக்கைகளையும் வைத்து ஆராய்ந்தார். நோயுற்ற குருவியைக் கடித்த கொசுவுக்குள் கிருமி வளர்ந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்வதை அந்த ஜூலையில் பார்த்தார். அதே கொசுக்களை ஆரோக்கியமான குருவிகளைக் கடிக்க விட்டார். அவையும் நோயில் விழுந்தன. கொசுக்கடி வழியே மலேரியா ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போகும் முழுப் பாதையும் முதலில் தெரியவந்தது குருவிகளிடம்தான். 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஊரடங்கிய பிறகு நம் காதருகே பாடும் கியூலெக்ஸ் கொசுதான் பறவை மலேரியாவைச் சுமக்கிறது. அந்தக் கிருமி மனிதரைத் தொற்றாது.

பறவைகளை அது படுத்தும் பாடு பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலேறி ஹவாய்த் தீவுகளுக்குப் போன கியூலெக்ஸ், கொசுவையே அறியாத தேன்குடிப் பறவைகளிடம் நோயைப் பரப்பியது. பல இனங்கள் அழிந்தன. மிஞ்சியவற்றில் பல, கொசு ஏறமுடியாத குளிர்ந்த மலையுச்சிகளில் ஒதுங்கி வாழ்கின்றன. நம் மைனா, கொசுவோடு காலங்காலமாக வாழ்ந்து பழகிய பறவை.

இப்படிப் படமெடுக்க விரும்புவோருக்கு: அடையும் பறவைமீது ஃபிளாஷ் அடிக்கவே கூடாது; மிரண்டு இருட்டில் கிளம்பினால் அதற்குத் திரும்ப இடம் தெரியாது. ஐ.எஸ்.ஓ.வை உயர்த்துங்கள், படத்தில் புள்ளி தட்டினால் தட்டட்டும். மறுநாள் கண்ணோரம், அலகடி, கால் மூன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

கோடையில் பறவைக்கென்று மண்சட்டியில் தண்ணீர் வைக்கிறோமே, அதில் கொசு முட்டையிட்டால் வெயில் நாளில் ஒரு வாரத்துக்குள்ளேயே புதுக் கொசு கிளம்பிவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை சட்டியைக் கவிழ்த்து, உள்சுவரைத் தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். தாகம் தீர்க்க வரும் குருவிக்கு நாமே நோயை வளர்த்து வைக்கக் கூடாது.